இரண்டாயிரம் லிட்டர் காற்றும் சாயாத எட்டுத் தகடுகளும்

அனுப்புநர்:
செயலாளர்,
காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிச் சங்கம்,
மரக்கிடங்கின் பின்கட்டு (நீலக் கதவு),
ரயில் பாதைக்கு அடுத்த தெரு.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
எடை மற்றும் அளவைத் துறை அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: காற்றுத் துப்பாக்கிகளுக்குக் காற்று நிரப்பும் சிலிண்டர் – விளம்பரத்தில் 2000 லிட்டர் கொள்ளளவு என்று காட்டப்பட்டது – அதை அளந்து, கண்டதை எழுத்தில் தருமாறு வேண்டுதல் – வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தேவைப்படுவது – தொடர்பாக.

பார்வை: 1. சிலிண்டருடன் வந்த விளம்பரத் தாள்.
2. சென்ற வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்தின் மூன்று பிரிவுகளில் நான் நேரில் கூறிய புகார்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

(தங்கள் அறையின் பலகையில் பதவி மட்டுமே எழுதியிருப்பதால் இவ்வாறு விளிக்க நேர்ந்தது. பொறுத்தருள்க.)

1. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மேற்படி சங்கத்திற்கு மூன்றாண்டுகளாகச் செயலாளர். எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. பதிவேடு எழுதத் தெரியும். நேரில் பேசும்போது பாதியை விழுங்கிவிடுவது என் வழக்கம். வியாழக்கிழமை மூன்று பிரிவுகளில் விழுங்கியவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2. எங்கள் சங்கத்தில் ஐந்து பேர் சுடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் என் தாயாரின் தங்கை, அதாவது என் சித்தி. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். இரவுப்பணி முடித்த ஐம்பது தொழிலாளர்கள் பின்னால் பாடிக்கொண்டு வரும்போதும் ஒரு குழியைக்கூடத் தவறவிடாமல் ஒதுக்கி ஓட்டுபவர் என்பதால், சுடும்போது அவர் கை ஆடுவதில்லை. இந்த மனு சித்தியைப் பற்றியதுதான். என்றாலும் காற்றைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

3. எங்கள் துப்பாக்கிகளில் வெடிமருந்து கிடையாது. கால் லிட்டர் அளவுள்ள ஒரு குழலில் காற்றை அடைத்து, அந்தக் காற்றின் உந்துதலில் சிறிய ஈயக் குண்டை அனுப்புகிறோம். அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் கணக்கிடுவது வழக்கம். குழலில் 200 பார் நிரப்பினால் இருபத்தைந்து குண்டுகள் ஒரே நேர்கோட்டில் போகும். 120 பாருக்குக் கீழே இறங்கினால் குண்டும் கீழே இறங்கும். இதுவரை கைப்பம்பால் அடித்து நிரப்பிவந்தோம். ஒருமுறை நிரப்ப நூற்றுக்கு மேல் அடிக்க வேண்டும். அடித்த கையால் உடனே குறி பார்ப்பது, ஓடி வந்த மூச்சோடு ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது. ஆகவே சங்கம் ஒரு பெரிய சிலிண்டர் வாங்கியது.

4. விளம்பரத் தாளின் நடுவில், பெருவிரல் பருமனுள்ள எழுத்தில் “கொள்ளளவு: 2000 லிட்டர்” என்று இருந்தது. (இணைப்பு 1.) இதனால் முதலில் விளைந்த குழப்பத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். எங்கள் சங்கத் தலைவர் குழாய் வேலை செய்பவர். முப்பது வருடமாக அவருக்கு லிட்டர் என்றால் தண்ணீர். “ரெண்டாயிரம் லிட்டர்னா சும்மாவா? நெறைஞ்சா ரெண்டு டன்னு. தரை தாங்குமான்னு பாருங்கப்பா” என்று சொல்லி, நீலக் கதவைக் கீலிலிருந்து கழற்றச் செய்தார், இரும்பு அலமாரியை நகர்த்தினார், செங்கல் பரப்பி ஒரு மேடை கட்டினார். குறித்த நாளில் கடைக்காரர் சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றொரு கையில் குடையுடன், நடந்து வந்தார்.

5. சிலிண்டரின் கழுத்தில் 6.8 லிட்டர் என்று பொறித்திருந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டாயிரம்னு சொல்லி ஏழு கூட இல்லாததக் குடுக்குறீங்களேய்யா, குடிக்கிற தண்ணி கேன்ல பாதி கூட வராது இது” என்று கேட்டார். கடைக்காரர் தந்த பதில், தங்கள் விசாரணைக்கு உதவக்கூடும் என்பதால் அப்படியே தருகிறேன்: “சார், எண்ணு கம்பெனி போட்டது. நான் என்ன, ஊதியா பாத்தேன்?”

6. அப்போது நான் குறுக்கிட்டு விளக்கினேன். காற்றை அமுக்கலாம். 6.8 லிட்டர் இடத்தில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால், வெளியே விட்டால் சுமார் இரண்டாயிரம் லிட்டராக விரியும் காற்று உள்ளே இருக்கும். 6.8ஐ 300ஆல் பெருக்கிப் பார்த்தால் தெரியும். எல்லோரும் பெருக்கிப் பார்த்தார்கள். கடைக்காரரும் பெருக்கிப் பார்த்து, தம் சரக்கின் மேல் புது மரியாதையோடு போனார். அன்று ஒரு நாள் நான் மிகவும் அறிவாளியாக இருந்தேன். புகாரின் சாரம் அந்த அறிவிலிருந்துதான் தொடங்குகிறது.

7. அதே ஊக்கத்தில் அடுத்த கணக்கையும் போட்டேன். ஒரு துப்பாக்கியை 120 பாரிலிருந்து 200 பாருக்கு நிரப்ப ஏறத்தாழ இருபது லிட்டர் காற்று செலவாகும். இரண்டாயிரத்தை இருபதால் வகுத்தால் நூறு. “ஒரு சிலிண்டர் – நூறு நிரப்பல்” என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். (இணைப்பு 2.) அடிக்கோடு நேராக இருப்பதைத் தவிர அதில் பாராட்ட ஒன்றுமில்லை.

8. சென்ற மாதக் கடைசி ஞாயிறு, நான்கு சங்கங்கள் கூடிய தகுதிப் போட்டி நடந்தது. வெவ்வேறு தொலைவில் நிறுத்திய ஐம்பது உலோகத் தகடுகளை, தகட்டுக்கு ஒரு குண்டு வீதம், சுட்டுச் சாய்க்க வேண்டும். இருபத்தைந்து தகடு முடிந்ததும் ஓர் இடைவேளை. காற்றை அப்போது மட்டுமே நிரப்பிக்கொள்ளலாம். நாற்பத்து நான்கு தகடுகளைச் சாய்த்தவருக்கு இறுதிப் போட்டியில் இடம். சித்தி ஆறு வருடமாக இந்தப் போட்டிக்குப் போகிறார். அவருடைய அதிகபட்சம் நாற்பத்து இரண்டு. கைப்பம்பு இல்லாத முதல் வருடம் இது.

9. மற்ற மூன்று சங்கத்தாரும் பம்பு அடித்துக் களைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். எங்களிடமோ நூறு நிரப்பல் இருந்தது. ஓர் அட்டையில் “காற்று வேண்டுவோர் வரலாம்” என்று எழுதிச் சிலிண்டரின் கழுத்தில் மாட்டினேன். வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு கோடு போட்டேன். சித்தியின் இடைவேளை வந்தபோது என் பதிவேட்டில் முப்பத்தெட்டுக் கோடுகள் இருந்தன. இன்னும் அறுபத்திரண்டு மீதம் என்று கணக்கிட்டு மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

10. சித்தியின் துப்பாக்கிக்கு நிரப்பும்போது முள் 165ஐத் தொட்டு நின்றுவிட்டது. “ஏண்டி, இது மேல ஏறலையே” என்றார். நான் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்த்தேன். அதுவும் 165ஐயே காட்டியது. முந்நூறில் நூற்று அறுபத்தைந்து. “பாதிக்கு மேல இருக்கு சித்தி, அது போதும்” என்று சொன்னவள் நான்தான். இதை மறைத்து எழுதினால் இந்த மனுவுக்குப் பொருளில்லை.

11. முப்பத்தொன்பதாம் தகடு வரை சித்தி தவறவிட்டவை இரண்டே. மீதமுள்ள பதினொன்றில் ஏழைச் சாய்த்தால் போதும். நாற்பதாவது குண்டு தகட்டின் காலில் பட்டது. அடுத்தது புல்லில். சித்தி குறியைச் சற்றே மேலே தூக்கினார்; குண்டு அதைவிடச் சற்றே கீழே போயிற்று. பதினொன்றில் மூன்று சாய்ந்தன. மொத்தம் நாற்பது. துப்பாக்கியை உறையில் இட்டுக்கொண்டே, “தகட்டுக்குக் கும்பிடு போட்டுட்டுக் கீழ எறங்குதுடி குண்டு. ரொம்ப மரியாதையான குண்டு” என்றார். பிறகு வீடு வரும்வரை வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார். சித்தி வேறு எதையோ பேசினால் நிலைமை மோசம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

12. என்ன நடந்தது என்பதை விளக்கியவர் தலைவர். லிட்டர் என்றால் தண்ணீர் என்று நினைப்பவர் என்று மேலே சற்றுச் சிரிப்பாக எழுதியிருக்கிறேன். அதற்கு இங்கே வருந்துகிறேன். அவர் சொன்னது: “தொட்டி ரெண்டாவது மாடியில இருக்கு, குழாய் மூணாவது மாடியில இருக்குன்னு வை. தொட்டியில தண்ணி இருக்கு. நெறையவே இருக்கு. ஆனா குழாய்ல வராது. உன் காத்தும் அப்படித்தாம்மா.” சிலிண்டரும் துப்பாக்கியும் ஒரே அழுத்தத்துக்கு வந்ததும் காற்று நகர்வதில்லை. ஆகவே துப்பாக்கியை 200க்கு நிரப்ப, சிலிண்டரில் 200க்கு மேல் உள்ள காற்று மட்டுமே பயன்படும். அதற்குக் கீழே உள்ளது, அதாவது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சிலிண்டருக்குள் சும்மா குடியிருக்கிறது.

13. திருத்திய கணக்கின்படி, நூறு நிரப்பல் அல்ல, முப்பத்து நான்கு. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் நாங்களே நிரப்பிப் பார்த்ததில் கிடைத்தது இருபத்தொன்பது. போட்டியன்று அதுவும் இல்லை. முந்தைய நாள் தீயணைப்புக் கருவிக் கடையில் அவசரமாக நிரப்பி வாங்கினோம். வேகமாக அடைத்தால் காற்று சூடாகி, முள் 300 காட்டும். ஆறியதும் 270க்கு இறங்கிவிடும். நிரப்பியவரைப் போய்க் கேட்டேன். “சூடா இருக்கும்போது முந்நூறும்மா. ஆறினப்புறம் அது பாடு” என்றார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆக அன்று முழுமையான நிரப்பல் இருபத்தொன்றோடு முடிந்திருக்கிறது. அதன்பின் வந்த விருந்தினர்கள் முள் குறைவாக நிற்பதைக் கண்டும், ஓசியில் வாங்கும் காற்றைக் குறை சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். பிறகு மூவர் வந்து என்னிடம் வருத்தம் தெரிவித்தார்கள். நல்ல மனிதர்கள்.

14. இப்போது தங்கள் துறைக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். வியாழக்கிழமை, எரிவாயுப் பிரிவில் “இது எரியுமா?” என்று கேட்டார்கள். எரியாது என்றேன். அனுப்பிவிட்டார்கள். எரிபொருள் நிலையங்களைக் கவனிக்கும் பிரிவில் “இதுல வண்டி ஓடுமா?” என்றார்கள். அங்கிருந்தும் அனுப்பினார்கள். மூன்றாவதாகத் தராசுப் பிரிவில், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த எழுத்தர், தம் உணவுப் பாத்திரத்தைத் திறந்தபடியே, “தராசுல வைக்கிற பொருளா இருந்தா எங்ககிட்ட வாம்மா. காத்தைக் கொண்டாந்து என்ன பண்ணச் சொல்ற?” என்றார். அவர் கேலியாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது அன்று முழுதும் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றுக்கு எடை உண்டு என்று எந்தப் பள்ளிப் புத்தகமும் சொல்லும். அதை யாரும் எடை போட்டு நான் பார்த்ததில்லை.

15. ஆகவே எடை போட்டோம். முதலில் சிலிண்டரை முந்நூறு பாருக்கு நிரப்பி, நன்றாக ஆறவிட்டு, ஆறிய பிறகும் 300 நிற்கும்படி மீண்டும் நிரப்பினோம். எங்கள் அச்சகத்தில் பார்சல் நிறுக்கும் மின்தராசில் அதை வைத்தோம். பின் மெதுவாகக் காற்று முழுவதையும் வெளியேற்றி, மறுபடி வைத்தோம். இடைப்பட்ட எடை இரண்டு கிலோ இருநூற்றுப் பத்து கிராம். ஒரு லிட்டர் சாதாரணக் காற்றின் எடை சுமார் ஒன்று புள்ளி இரண்டு கிராம். அப்படியானால் உள்ளே இருந்தது ஏறத்தாழ 1840 லிட்டர். தாளில் உள்ள இரண்டாயிரம் இருந்திருந்தால் எடை இரண்டு கிலோ நானூறு கிராம் வந்திருக்க வேண்டும். மிக அதிகமான அழுத்தத்தில் காற்று, பெருக்கல் கணக்கு சொல்லும் அளவுக்கு அடங்குவதில்லை என்று பின்னர் ஒரு நூலில் படித்தேன். கம்பெனியும் என்னைப் போலவே 6.8ஐ 300ஆல் பெருக்கி, அளந்து பார்க்காமல் அச்சிட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அச்சில் வந்ததை நம்புவதும் சந்தேகிப்பதும் என் தொழில். இந்த ஒரு தாளில் நம்புவதை மட்டும் செய்திருக்கிறேன். இதே தாளின் அடியில், எறும்பளவு எழுத்தில், “300 பார் அழுத்தத்தில்” என்று இருப்பதையும் போட்டி முடிந்த பிறகே படித்தேன்.

16. எங்கள் பார்சல் தராசு தங்கள் துறை முத்திரை பெற்றதுதான். ஆயினும் அது பார்சலுக்கானது. தங்கள் அலுவலகத் தராசு சொல்வதே செல்லும். தராசுப் பிரிவு எழுத்தருக்கு என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர் என்னை விரட்டிய வார்த்தைதான் எங்களுக்கு வழி காட்டியது.

17. இனி, வெள்ளிக்கிழமை நண்பகல் ஏன் என்பது. போட்டிக் குழுவின் விதிகளில், கருவிக் கோளாறால் தவறிய தகடுகளை மட்டும் மீண்டும் சுட இடமுண்டு. தகுதியுள்ள ஓர் அலுவலகம் கருவியை அளந்து, கண்டதை எழுத்தில் தர வேண்டும்; கோளாறு சுடுபவரின் கவனக்குறைவா என்பதைக் குழு முடிவு செய்யும். குழு அதற்கு வெள்ளி நண்பகல் வரை நேரம் கொடுத்திருக்கிறது. கிடைத்தால், சனிக்கிழமை காலை சித்தி அந்த எட்டுத் தகடுகளை மீண்டும் சுடுவார். ஞாயிறு இறுதிப் போட்டி.

18. இந்த இடத்தில் ஒரு கடிதத்தை எப்படி எழுதித் தரலாம் என்று எனக்கு மிக எளிதாகத் தெரிகிறது. “சிலிண்டரில் 160 லிட்டர் குறைவு, அதனால் குண்டு தவறியது” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நண்பர்கள் சிலரும் அப்படியே கேட்கச் சொன்னார்கள். உண்மையில், தாளில் சொன்ன இரண்டாயிரமும் முழுதாக இருந்திருந்தால்கூட, நான் அட்டை எழுதி மாட்டிய அன்று அந்த எட்டுத் தகடுகளும் சாய்ந்திருக்க மாட்டா. 160 லிட்டர் கம்பெனியின் தவறு. நூறு நிரப்பல் என்பது என் தவறு. தாள் அந்தத் தவறைச் செய்ய மிகவும் வசதியாக இருந்தது என்பது மட்டும் உண்மை. மனுவின் முதல் வரைவைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். அதில் நான் செய்தது எதுவும் இல்லை. சித்தி பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “நல்லா எழுதியிருக்க. யாரு இந்தப் பொண்ணு, ஒரு தப்பும் பண்ணாதவ?” என்றார். பிறகு, “எனக்கு எடம் வேணும்னு எழுதாத. நடந்ததை எழுது. எடம் வந்தா வரட்டும்” என்றார். இது இரண்டாம் வரைவு.

19. ஆகவே தங்களை நான் வேண்டுவன:

அ) சிலிண்டரை நாளை காலை தங்கள் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குக் கொண்டு வருகிறோம். நிரம்பிய நிலையிலும் காலியான நிலையிலும் தங்கள் தராசில் நிறுத்து, வரும் எடையை எழுதித் தர வேண்டும். இரண்டாம் மாடிக்குத் தலைவரே தூக்கி வருவார். படி தாங்குமா என்று கேட்கமாட்டார்.

ஆ) விளம்பரத் தாள், “200 பார் துப்பாக்கிக்கு எத்தனை முறை முழுமையாக நிரப்பலாம்” என்ற விவரத்தைச் சொல்கிறதா, இல்லையா என்பதையும் தனி வரியாக எழுதித் தர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு முடிவாகத் தரவேண்டாம். எதனால் தகடு சாயவில்லை என்று முடிவு செய்வது போட்டிக் குழுவின் வேலை. என் பதிவேட்டின் முதல் பக்கத்தையும் அவர்களிடம் நானே கொடுத்துவிட்டேன்.

இ) இனி விற்கும் சிலிண்டர்களில், கழுத்தில் உள்ள உண்மையான கொள்ளளவு, நிரப்பும் அழுத்தம், முழு நிரப்பல்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே அளவு எழுத்தில் இருக்குமாறு கம்பெனிக்கு அறிவுறுத்த வேண்டும். பெருவிரல் அளவே வேண்டும் என்பதில்லை. எறும்பளவு மட்டும் வேண்டாம்.

ஈ) கடைக்காரர் மீது நடவடிக்கை வேண்டாம். சோதனைக்காகச் சிலிண்டரை மூன்று முறை சுமந்து சென்று நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான். இருபத்தொன்பதாவது நிரப்பலின்போது எல்லோரையும்விட அதிகமாக ஏமாந்தவரும் அவர்தான். இப்போது தம் கடைச் சுவரில் “29” என்று சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார். வாங்க வருபவர்கள் அது கடை எண் என்று நினைப்பதால், அதன் கீழே விளக்கம் எழுத என்னை வரச் சொல்லியிருக்கிறார்.

20. தங்கள் தராசு எங்களுடையதற்கு எதிராகச் சொன்னாலும், சொன்னபடியே எழுதித் தருக. அதை அப்படியே குழுவிடம் கொடுப்பேன். சித்தி ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிவிட்டார். காரணம் என்ற இடத்தில் “துப்பாக்கி இறுதிப் போட்டியில்” என்று எழுதி, “கலந்துகொள்ள” என்றோ “கைதட்ட” என்றோ ஒரே ஒரு சொல் எழுதும் அளவுக்கு இடம் விட்டு, அதற்கு அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை பணிமனையில் கொடுக்க வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது. தங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

தங்கள் நேரத்துக்கு நன்றியுடன்,

(ஒப்பம்)
செயலாளர்

நாள்: புதன்கிழமை, மாதத்தின் பன்னிரண்டாம் நாள்
இடம்: சங்க அறை

இணைப்புகள்:
1. விளம்பரத் தாள் – ஒன்று. (எறும்பளவு எழுத்துகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.)
2. பதிவேட்டின் முதல் பக்கம் – நகல்.
3. போட்டியன்று காற்று பெற்ற முப்பத்தெட்டுப் பேரின் பட்டியல். அவர்களில் எவரும் சாட்சி சொல்ல வரத் தயார். எல்லோரும் ஒரே நாளில் வந்தால் தங்கள் வராந்தா போதாது.
4. பார்சல் தராசின் இரு எடைச் சீட்டுகள்.